உலோக ஆக்சைடு நானோ துகள்: புழுக்கொல்லியா, புழுநீக்கியா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். கால்நடை வளர்ப்போருக்கான கையேட்டில், ஆடு மாடுகளின் புழு நோய்க்கு உலோக ஆக்சைடு நானோ துகள்களைப் பயன்படுத்தும் ஆய்வுகள் பற்றிய இயலுக்குச் சொற்பட்டியல் அணியமாகிக்கொண்டிருக்கிறது. இந்த இழையில் "குடற்புழுக்கொல்லி மீநுண்துகள்", "புழுவெதிர்ப்பு நுண்துகள்", "நாக ஒட்சைட்டு நனோத் துணிக்கை", "நவ பற்பம்" என நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. நான்கையும் படித்த பின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு வைக்கும் பெயர், அது விலங்கின் உடலில் செய்கிற வேலையைத் தாண்டி எதையும் உறுதியளிக்கக் கூடாது. ஆய்வுக்கூடக் கிண்ணத்தைத் தாண்டிப் பெரும்பாலும் வராத ஒரு பொருளுக்குக் "கொல்லி" என்று பெயரிட்டுக் கையேட்டில் அச்சிட்டால், படிப்பவர் மருந்துக் கடையில் போய் அதைக் கேட்பார். ஆகவே நான் முன்வைப்பது "உலோக ஆக்சைடு நானோ புழுநீக்கி" என்னும் தொடர். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் சொல்ல முயல்கிறேன்.

முதலில் "குடற்புழு". கால்நடைத் துறையின் அறிவிப்புகள் எல்லாவற்றிலும் "குடற்புழு நீக்கம்", "குடற்புழு நீக்க மருந்து" என்ற சொற்களே வழங்குகின்றன என்பதையும், ஊரில் அதைப் "பூச்சி மருந்து" என்பார்கள் என்பதையும் நான் அறிவேன். பழகிய சொல்லை விரட்ட வேண்டும் என்பது என் நோக்கமன்று. ஆனால் இந்த இயலில் பேசப்படும் புழுக்களுள் தலையாயது ஹீமாங்கஸ் கன்டார்டஸ். அது குடலில் வாழ்வதே இல்லை. அசைபோடும் விலங்குகளின் நான்காம் இரைப்பையில், சளிச்சவ்வின் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவதுதான் அதன் பிழைப்பு. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். ஆயிரக்கணக்கில் புழுக்கள் சேர்ந்துவிட்டால், கழிச்சல் எதுவும் தெரியாமலேயே ஆட்டின் கீழிமை வெளுத்து, தாடைக்கு அடியில் நீர் கோத்து, ஒருநாள் காலையில் பட்டியில் ஆடு எழாமல் கிடக்கும். இதைக் "குடற்புழு" என்று சொன்னால், சாணம் இளகவில்லையே, பிறகென்ன புழு என்று வளர்ப்பவர் இருந்துவிட வாய்ப்பு உண்டு.

கல்லீரல் தட்டைப்புழு பித்தக் குழாய்களில் வாழ்கிறது. நுரையீரல் புழு மூச்சுக்குழல்களில் வாழ்கிறது. நானோ துகள் ஆய்வுகளிலேயே அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒன்று, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்டது. எருமையின் கல்லீரலிலும் பித்தக் குழாயிலும் வாழும் ஜைகன்டோகாட்டைல் எக்ஸ்பிளானேட்டம் என்ற தட்டைப்புழுவின் மீது துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைச் சோதித்த ஆய்வு அது. அந்த ஆய்வை "குடற்புழு" என்ற தலைப்பின் கீழ் எப்படி வைப்பது? புழு மருந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான anthelmintic என்பதன் கிரேக்க வேரிலும் "எதிர்", "புழு" என்ற இரண்டு பகுதிகள்தாம் உள்ளன. குடல் அங்கே கிடையாது. அறிவிப்புப் பலகையில் குடற்புழு இருக்கட்டும். கையேட்டின் கலைச்சொல் "புழு" என்று மட்டும் நிற்கட்டும்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. "கிருமி" என்ற சொல்லை ஓர் அன்பர் நினைவூட்டியிருந்தார். பழைய மருத்துவ நூல்களில் கிருமி என்பது கண்ணுக்குத் தெரியும் புழுவையும் குறித்தது. வாய்விடங்கம் கிருமிக்கு மருந்து என்னும்போது வயிற்றுப் புழுவைத்தான் சொன்னார்கள். ஆனால் இன்று கிருமிநாசினி என்றால் தரை கழுவும் திரவம். போன சொல்லை இழுத்து வர இயலாது.

அடுத்தது "கொல்லி". பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, எலிக்கொல்லி என்று வரிசையாகப் பழகிய நமக்குப் புழுக்கொல்லி என்பது இயல்பாகவே நாவில் வருகிறது. ஆனால் புழு மருந்துகளின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றுள் பல புழுவை நேரடியாகக் கொல்வதில்லை. பைப்பரசின் புழுவின் தசையைத் தளர்த்துகிறது. பிடி விட்ட புழு பல வேளைகளில் உயிரோடேயே சாணத்தோடு வெளியே போகிறது. லெவாமிசோல் புழுவின் தசையை இறுக்கி முடக்குகிறது. ஐவர்மெக்டின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வாயில்களைத் திறந்துவிட்டுப் புழுவைத் தளர்ச்சியில் தள்ளுகிறது. அல்பெண்டசோல் வகையினம் புழுவின் உயிரணுக்களில் உள்ள டியூபுலின் புரதத்தோடு சேர்ந்து, உணவு உறிஞ்சும் திறனைக் குலைத்து, மெதுவாக அழிக்கிறது, முட்டையும் பொரிப்பதில்லை. கொல்லுதல், முடக்குதல், வெளியேற்றுதல், முட்டையைக் கெடுத்தல் ஆகிய நான்கும் "நீக்குதல்" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கும். "கொல்லுதல்" என்பதற்குள் அடங்கா. எனவே பொதுப்பெயர் புழுநீக்கி. அதன் உட்பிரிவாக, உண்மையிலேயே கொல்வதற்குப் புழுக்கொல்லி, முடக்கி வெளியேற்றுவதற்குப் புழுமுடக்கி, முட்டையை மட்டும் தாக்குவதற்கு முட்டைக்கொல்லி என்று வைத்துக்கொண்டால் சொற்கள் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும்.

"புழுவெதிர்ப்பு" என்ற முன்மொழிவில் எனக்குள்ள தயக்கம் வேறு வகையானது. கையேட்டின் பாதிப் பக்கங்கள் மருந்துக்கு அடங்காத புழுக்களைப் பற்றியவை. இந்த நானோ ஆய்வுகள் தொடங்கியதற்கும் அதுவே காரணம். தையாபெண்டசோல் என்ற புழு மருந்து 1961-இல் சந்தைக்கு வந்தது. 1964-இலேயே அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் பற்றிய அறிக்கை வந்துவிட்டது. ஐவர்மெக்டின் 1981-இல் கால்நடைகளுக்கு வந்தது. அதைக் கண்டறிந்த வில்லியம் கேம்பெல்லும் சதோஷி ஓமுராவும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் அந்தப் பரிசு வருவதற்கு வெகு காலம் முன்பே பல நாடுகளில் அந்த மருந்தும் ஹீமாங்கஸிடம் தோற்றுப்போயிருந்தது. மோனெபாண்டல் என்ற மற்றொரு புழு மருந்து 2009-இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்து, 2013-இல் அங்கேயே ஓர் ஆட்டுப் பண்ணையில் பயனற்றுப் போனதாகப் பதிவாயிற்று. இவ்வளவையும் எழுதும் கையேட்டில் மருந்தின் பெயர் "புழுவெதிர்ப்பி" என்றிருந்தால், புழு அந்த மருந்தை எதிர்ப்பதைப் "புழுவெதிர்ப்பி எதிர்ப்பு" என்று எழுத வேண்டிவரும். போதாததற்கு, சில ஆட்டினங்கள் தம் உடலளவிலேயே புழுவை எதிர்த்து நிற்கின்றன. அதுவும் "புழுவெதிர்ப்பு" தான். மூன்று வேறு பொருள்களை ஒரே சொல்லின் தோளில் ஏற்றக் கூடாது.

விலங்கின் உடல் புழுவை எதிர்ப்பதற்கு "எதிர்ப்பாற்றல்" என்பது நிலைத்துவிட்ட சொல். அதை அப்படியே விட்டுவிடலாம். புழு மருந்துக்கு அடங்காத நிலைக்கு வேறொரு சொல் தேவை. காய்ச்சல் தணியாதபோது "மருந்துக்குக் கேட்கவில்லை" என்று எல்லோரும் சொல்கிறோம். எதற்கும் இணங்காதவனை "மசியமாட்டான்" என்கிறோம். இந்த இரண்டாவது வழக்கிலிருந்து "மருந்துக்கு மசியாமை" என்று எடுத்து, அடைமொழியாக "மசியாப்புழு" என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. "ஐவர்மெக்டினுக்கு மசியாத புழுக்கள் இந்தப் பட்டியில் உள்ளன" என்று ஒரு மருத்துவர் சொன்னால், விளக்கவுரை இல்லாமலேயே ஆடு வளர்ப்பவருக்குப் புரியும்.

இனி "நுண்", "மீநுண்", "நானோ". நுண்துகள் என்பதை நான் ஏற்க இயலாது. காற்று மாசு பற்றிய செய்திகளில் அந்தச் சொல் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. அங்கே அது குறிப்பது 2.5 மைக்ரோமீட்டர், அதாவது 2,500 நானோமீட்டர், அல்லது அதற்குக் குறைந்த விட்டமுள்ள துகளை. நாம் பேசுவது 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ளதை. நுண்ணோக்கி, நுண்ணுயிர், நுண்ணலை என்று "நுண்" முழுவதும் மைக்ரோ என்ற அளவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. "மீநுண்" அழகான சொல்தான். மீயொலி, மீக்கடத்தி என்பவற்றின் அச்சில் வார்த்தது. ஆனால் அது "மிக நுண்ணிய" என்பதோடு நின்றுவிடுகிறது, எவ்வளவு நுண்ணியது என்பதைச் சொல்வதில்லை. நானோ என்பது 1960-இல் பன்னாட்டு அலகு முறையில் சேர்ந்த முன்னொட்டு. நூறு கோடியில் ஒரு பங்கு என்று வரையறை கொண்டது. கிலோவையும் மில்லியையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதே இயலில் "20 நானோமீட்டர்" என்றும் எழுதிவிட்டு, பெயரில் மட்டும் மீநுண் என்று மாற்றினால், இரண்டும் ஒன்றே என்பதைப் படிப்பவர் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இம்மி, கீழ்முந்திரி ஆகியவற்றை எடுத்தாளலாமே என்ற யோசனையும் வந்தது. கீழ்முந்திரி 1/102400, அது நானோவுக்குப் பக்கத்தில்கூட வராது. இம்மியின் மதிப்போ நூலுக்கு நூல் மாறுகிறது.

"துகள்" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு வேறு சொல் ஒதுக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன். ஏனென்றால் உலோக ஆக்சைடு புழு மருந்துகளுள் பண்ணைகளில் உண்மையாகவே பயன்பட்டுவரும் ஒன்று நானோ அளவினது அன்று. செப்பு ஆக்சைடுக் கம்பியைச் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, ஜெலட்டின் குப்பிக்குள் அடைத்து, ஆட்டின் தொண்டைக்குள் செலுத்துவார்கள். குப்பி கரைந்ததும் நறுக்குகள் மெல்ல நகர்ந்து நான்காம் இரைப்பையின் மடிப்புகளில் சிக்கிக்கொள்ளும். அங்குள்ள அமிலத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து செம்பை வெளியிடும். செம்புக் குறைபாட்டைப் போக்கும் நோக்கில் பயன்பாட்டுக்கு வந்த இது, ஹீமாங்கஸையும் குறைக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. சிறுகுடல் புழுக்களிடம் இது பெரிதாக வேலை செய்வதில்லை. இதைச் "செப்பு ஆக்சைடுக் கம்பித் துணுக்கு" என்று சொல்ல விரும்புகிறேன். துணுக்கு கண்ணுக்குத் தெரிவது, துகள் தெரியாதது என்ற வேறுபாட்டைக் கையேடு முழுவதும் காப்பாற்றினால், ஒன்றைப் பற்றிய அனுபவத்தை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டும் குழப்பம் குறையும். அந்தக் குழப்பம் ஏற்கெனவே கட்டுரைகளில் தலைகாட்டுகிறது.

கடைசியாகப் "பற்பம்". நான்கு முன்மொழிவுகளிலும் என்னை மிகவும் ஈர்த்ததும், மிகவும் அஞ்சவைத்ததும் இதுதான். சித்த மருத்துவத்தின் நாக பற்பம் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு. அயச்செந்தூரம் இரும்பு ஆக்சைடு. பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க நம் மரபில் உள்ள பெயரையே வைத்தால் என்ன என்று கேட்ட அன்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் பற்பம் என்பது பொருளின் பெயர் மட்டுமன்று, செய்முறையின் பெயரும்கூட. சுத்தி செய்து, சாறு விட்டரைத்து, வில்லை தட்டி, கவசமிட்டுப் புடமிட்டு எடுப்பது பற்பம்; அதில் துகள்களின் அளவு பலவாறாகக் கலந்திருக்கும், மூலிகைச் சாம்பலும் சேர்ந்திருக்கும். நானோ துகள் ஆய்வில் அளவும் வடிவும் தூய்மையும் முதலில் அளக்கப்பட்டாக வேண்டும். "நவ பற்பம்" என்று பெயரிட்டால், வீட்டில் இருக்கும் பற்பத்தைக் கன்றுக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் கருதுவதை நம்மால் தடுக்க இயலாது.

"பசுமைத் தொகுப்பு" என்ற சொல்லைப் பற்றியும் இதே காரணத்தால் ஒரு வரி. தாவரச் சாற்றைக் கொண்டு உலோக உப்பிலிருந்து நானோ துகள் ஆக்குவதற்கு அப்பெயர் வழங்குகிறது. ஆனால் துத்தநாக ஆக்சைடு செய்யும் பல முறைகளில், வீழ்படிவை இறுதியில் சில நூறு பாகை செல்சியசில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் தாவரப் பொருளின் பெரும்பகுதி எரிந்துவிடுகிறது. எஞ்சும் வெண்பொடியை "வேம்பு நானோ மருந்து" என்று அழைத்தால், வேம்பின் குணம் அதில் இருப்பதாகத்தான் படிப்பவர் கொள்வார். "தாவரச்சாறு வழித் தொகுப்பு" என்பது நீளம்தான், ஆனால் நடந்ததைச் சொல்கிறது.

அன்புடன்,
கையேட்டின் சொற்பட்டியல் தொகுப்பாளர்

•

ஐயா, வணக்கம்.

கால்நடை மருத்துவராக இருந்து ஒட்டுண்ணியியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். "புழுநீக்கி" என்ற பொதுச்சொல்லை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அதற்கான வரையறையில் "இறப்பு" என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்க வேண்டும்.

இறைச்சிக் கூடத்தில் ஆட்டின் நான்காம் இரைப்பையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மடிப்புகளுக்கிடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல் போலப் புழுக்கள் நெளியும். இரத்தம் நிறைந்த குடலைச் சுற்றி வெண்ணிறச் சூலகம் முறுக்கிக்கொண்டிருப்பதால் பெண்புழுவுக்கு அந்தத் தோற்றம். ஹீமாங்கஸுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் "புரிப்புழு" என்று வைக்கலாம் என்பது என் விருப்பம். இலத்தீன் பெயரின் பின்பாதியும் முறுக்கலைத்தான் சொல்கிறது. இந்தப் புழுக்களை உப்புநீர்க் கரைசலில் கழுவி எடுத்து, கிண்ணங்களில் நானோ துகள் கரைசலில் விட்டு, குறித்த நேர இடைவெளிகளில் அசைவைப் பார்ப்பதுதான் ஆய்வுகளில் வழக்கமாக நடப்பது. அசையாத புழுவை ஊசி முனையால் தொட்டுப் பார்ப்போம். அப்போதும் அசையாவிட்டால், புதிய இளஞ்சூடான கரைசலுக்கு மாற்றி அரைமணி நேரம் காத்திருப்போம். சில புழுக்கள் அங்கே மீண்டும் நெளியத் தொடங்கிவிடும். கரைசல் மாற்றிப் பார்க்காமல் அசைவின்மையை மட்டும் வைத்து "கொன்றது" என்று எழுதும் கட்டுரைகளும் உண்டு. ஆகவே "முடக்கம்", "மீளா முடக்கம்", "இறப்பு" என்ற மூன்றையும் சொற்பட்டியலில் தனித்தனியே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முட்டைகளைக் கொண்டு செய்வது "முட்டைப் பொரிப்புத் தடைச் சோதனை", முதிர்ந்த புழுவைக் கொண்டு செய்வது "அசைவுத் தடைச் சோதனை" என்ற பெயர்கள் எங்களிடையே பேச்சில் வழங்குவனவே.

துகள்கள் புழுவை எப்படித் தாக்குகின்றன என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். வினைமிகு ஆக்சிசன் வகைகள் உண்டாகி, புழுவின் மேலுறையில் உள்ள கொழுப்பைச் சிதைக்கின்றன. அதைத் தடுக்கும் நொதிகள் தடுமாறுகின்றன. மேலுறையில் வெடிப்பும் உரிவும் தெரிகின்றன. நீங்கள் குறிப்பிட்ட எருமைத் தட்டைப்புழு ஆய்விலும், ஈரானில் ஹீமாங்கஸ் மீது நடந்த துத்தநாக ஆக்சைடு ஆய்விலும் இதே போக்கைத்தான் கண்டார்கள். ஆனால் கிண்ணத்தில் உள்ள கரைசல் நடுநிலையானது. நான்காம் இரைப்பையின் நீரோ கடும் அமிலம். துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரைந்துவிடும் பொருள். வாய்வழியே கொடுத்த 30 நானோமீட்டர் துகள் அங்கே போய்ச் சேரும்போது துகளாகவே இருக்குமா, துத்தநாக அயனியாகிவிடுமா என்பதைப் பொறுத்துத்தான் "நானோ" என்ற அடைமொழிக்கே பொருள் உண்டு. டைட்டானியம் டைஆக்சைடு அப்படிக் கரையாது. ஆனால் கரையாதது சாணத்தோடு நிலத்தில் போய்ச் சேரும். பன்றிக்குட்டிகளின் கழிச்சலுக்காகத் தீவனத்தில் அதிக அளவில் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறுத்தியதற்கு, நிலத்தில் துத்தநாகம் சேர்வதும் ஒரு காரணம். அது நானோ மருந்தும் அன்று, புழு மருந்தும் அன்று; ஆயினும் மருந்தாகக் கொடுக்கும் உலோகம் எங்கே போய் முடிகிறது என்ற கேள்வி இங்கும் பொருந்தும்.

ஆதலால் என் திருத்தம் ஒன்றே. "உலோக ஆக்சைடு" என்ற பொதுப்பெயர் இயலின் தலைப்பில் மட்டும் நிற்கட்டும். உள்ளே எங்கு வந்தாலும் எந்த உலோகம் என்பதை முதலில் சொல்லுங்கள்: துத்தநாக ஆக்சைடு நானோ புழுநீக்கி, செப்பு ஆக்சைடு நானோ புழுநீக்கி என்றவாறு. வெள்ளாடு தாங்கும் செம்பைச் செம்மறியாடு தாங்காது. செம்மறியின் கல்லீரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டே போய், ஏதோ ஓர் அதிர்ச்சியில் ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, கண் மஞ்சளாகி ஆடு இறக்கும். வெறுமனே "நானோ புழுநீக்கி" என்று எழுதினால் அந்த எச்சரிக்கையை எந்த வரியில் வைப்பது?

நன்றி.

•

அன்புள்ள ஐயாவுக்கும் மருத்துவர் அம்மாவுக்கும்,

யாழ்ப்பாணத்திலிருந்து "நாக ஒட்சைட்டு நனோத் துணிக்கை" என்று முன்மொழிந்தவன் நான். எங்கள் பாடநூல்களில் ஒட்சிசன், ஒட்சைட்டு, துணிக்கை, தொழினுட்பம் என்றே பிள்ளைகள் படிக்கிறார்கள். மானிப்பாயில் இருந்த கிறீன் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கிய காலம் தொட்டு எங்களுக்கென ஒரு சொல்மரபு இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டு வழக்குக்குள் கரைத்துவிட வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

ஆயினும் "நாகம்" பற்றி ஒரு விடயத்தை நானே சொல்லவேண்டும். எங்கள் வேதியியல் பாடத்திலும் சித்த மருத்துவத்திலும் நாகம் என்பது துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் அது ஈயத்தில் செய்வது. ஒரே ஒலி, ஒன்று உடலுக்குச் சிறிதளவு தேவையான உலோகம், மற்றது நஞ்சு. பாடநூலில் இது பெரிய சிக்கல் இல்லை. மருந்து பற்றிய கையேட்டில் இது ஆபத்து. ஆகையால் இந்தக் கையேட்டில் மட்டும் துத்தநாகம் என்று எழுதுவதை ஏற்கிறேன். ஒட்சைட்டு, துணிக்கை, நனோ ஆகிய மூன்றையும் சொற்பட்டியலில் இணைச்சொற்களாகத் தந்துவிட்டால், மட்டக்களப்பில் மாடு வளர்ப்பவரும் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்.

"மசியாமை" இங்கும் புரியும். ஆனால் "மசிதல்" என்றால் கீரை மசிவதைத்தான் என் வகுப்புப் பிள்ளைகள் முதலில் நினைத்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். "அடங்காப்புழு" என்றால் அந்தச் சிரிப்பு வராது.

•

அன்புள்ள இருவருக்கும்,

உலோகத்தின் பெயரை முன்னே வைக்கும் திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அது சொல்லமைப்பை நீட்டினாலும், மருந்தளவையும் நச்சுத்தன்மையையும் எழுதும் இடத்தில் வேறு வழியில்லை. "புரிப்புழு" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஹீமாங்கஸ் என்ற பெயரை முதல் முறை தந்துவிட்டு, பின்னர் புரிப்புழு என்றே எழுதலாம். ஈழத்து வழக்குகள் இணைச்சொற்களாக அல்லாமல், ஒவ்வொன்றும் தனிப் பதிவாகவே அகர வரிசையில் இடம்பெறும்.

"மசியாமை"யை நான் இன்னும் விட்டுவிடவில்லை. கீரையும் மசிகிறது, ஆளும் மசிகிறான். இரண்டிலும் கடினமானது இளகிக் கொடுக்கிறது. அடங்காமை என்பதில் புழுவுக்கு ஒரு திமிர் ஏறிவிடுகிறது. உண்மையில் நடப்பது திமிரன்று, தேர்வு: மருந்து பட்டும் பிழைத்த சில புழுக்களின் வழித்தோன்றல்கள் பட்டியை நிரப்பிவிடுகின்றன. எனினும் கையேட்டின் முதல் படியை ஆடு வளர்ப்பவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும்போது இரண்டு சொற்களையும் வைத்துப் பார்த்து, அவர்கள் தயங்காமல் திருப்பிச் சொல்லும் சொல்லையே அச்சிடலாம்.

வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "துத்தநாக ஆக்சைடு நானோ புழுநீக்கி: 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துத்தநாக ஆக்சைடுத் துகள்களால் ஆகி, கால்நடைகளின் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லவோ, முடக்கவோ, அவற்றின் முட்டை பொரிப்பதைத் தடுக்கவோ வல்லதா என்று ஆராயப்பட்டுவரும் பொருள்; இதற்கான சான்றுகள் பெரும்பாலும் கலச் சோதனைகளிலிருந்து வருபவை." கண்ணாடிக் கலத்தில் செய்வதற்குக் கலச் சோதனை, விலங்கில் செய்வதற்கு உடற்சோதனை என்று வைத்திருக்கிறேன். இயலில் எந்த முடிவைச் சொன்னாலும் இவ்விரண்டில் எது என்ற குறிப்பு அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும் என்று எழுதுபவர்களுக்கு அறிவுறுத்தல் சேர்த்துள்ளேன்.

இன்னும் முடிவாகாமல் நிற்பது ஒரு பதிவு. மருந்து கொடுப்பதற்கு முன்னும், கொடுத்து இரு வாரங்கள் கழித்தும் கழிவில் உள்ள முட்டைகளை எண்ணி, குறைவு 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மருந்து தோற்றுவருகிறது என்று ஐயப்படும் சோதனைக்கு என்ன பெயர் வைப்பது? "சாண முட்டைக் குறைவுச் சோதனை" என்று வரைவில் இருக்கிறது. மாட்டுக்குச் சாணம் சரி. ஆட்டுக்குப் புழுக்கை, "புழுக்கை முட்டை" என்றால் புழுவின் முட்டையோ என்ற மயக்கம் வருகிறது, தற்செயலாக அது சரியாகவும் இருக்கிறது. "கழிவு முட்டை" என்றால் கோழிப்பண்ணையில் ஒதுக்கிய முட்டை நினைவுக்கு வருகிறது. மருத்துவர் அம்மா ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தொகுப்பாளர்